தையல் மெஷினில் ஒரு நிலநடுக்கம்

சரவணா, இது கடிதம் என்பதால் பாதியில் "சரிம்மா, வெச்சிடறேன்" என்று உன்னால் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கும்படி பத்திரிகைக்கு எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன். உனக்கு மட்டும் ஒரு நகலை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன். நீ இமயமலைக்குக் கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மலையைக் குடைந்து ரயில் விடப் போகிறார்களாம். குடைகிற இடத்தில் பாறை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது உன் வேலையாம். இதை நாலு மாதத்துக்கு முன்னால் போனில் மூன்றே வாக்கியத்தில் சொன்னாய். "வேற வேலை கிடைச்சிருக்கும்மா. மலையில டனல். சென்னை வேலையை விட்டுடறேன்." நான் "ம்" என்றேன். அன்றிலிருந்து நமக்குள் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி, வை" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் நாலு மாதமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நான் படித்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு என்று கேட்பாய். உன்னைப் போகவிடாமல் தடுப்பதற்குத்தான். அழுதால் நீ சமாதானம் சொல்வாய், திட்டினால் வாயை மூடிக்கொள்வாய், இரண்டிலும் நீ போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் பாடத்தை வைத்தே உன்னை மடக்குவது என்று முடிவு செய்தேன். பொறியியல் நிலவியல், நிலநடுக்க ஆபத்து என்று இணையத்தில் தேடினால் இவ்வளவு கொட்டிக் கிடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு பேராசிரியர் பன்னிரண்டு வாரம் இலவசமாகப் பாடம் நடத்துகிறார். பெயரைப் பதிவு செய்தேன். 'தற்போது என்ன செய்கிறீர்கள்' என்ற கேள்விக்கு மாணவர், ஆசிரியர், பொறியாளர் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. பிளவுஸ் தைப்பவர் என்று கட்டம் இல்லாததால் பொறியாளர் என்று போட்டுவிட்டேன். சித்திரை வீதிக் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது என்று உனக்குத் தெரியுமே. காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். பேராசிரியரின் இங்கிலீஷ் முதல் வாரம் மழைச் சத்தம் மாதிரி இருந்தது. மூன்றாவது வாரத்தில் வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து வந்தது. புரியாத இடத்தில் நிறுத்தி, அகராதி பார்த்து, அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். போன வாரம் ஒருத்தியின் தோள் அளவைத் தேடியபோது பாறை மடிப்பின் சாய்வுக் கோணம்தான் கிடைத்தது.

இன்னொரு தளத்தில் உலக வரைபடம் இருக்கிறது. எங்கே நிலம் ஆடினாலும் கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு புள்ளி விழும். உனக்கு அது பழைய சங்கதியாக இருக்கும். நான் அதைப் பார்க்காமல் காபி குடிப்பதில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். நீ போகிற மலைப்பக்கம் ஒரு புள்ளி விழுந்தால் எனக்கு அன்றைக்குக் காபி இறங்காது, கூடவே ஒரு வாதம் கிடைத்தது என்று திருப்தியாகவும் இருக்கும். பெற்றவள் இப்படியும் இருப்பாளா என்று கேட்காதே, இருந்தேன். "அக்கா, ஜாக்கெட் ரெடியாங்க?" என்று வருகிறவர்களிடம் "இந்தோனேசியாவுல ஆடியிருக்கு, பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவேன். உங்கள் ஊரில் ஆட்டத்தை உணர்ந்தீர்களா என்று கேட்கிற படிவமும் அங்கே உண்டு. ஒரு நாள் கடைக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. தேர் போனால்கூட அப்படி ஆடாது. நான் உடனே படிவத்தை எடுத்து, தொங்கும் பொருள்கள் ஆடின, யாரும் வெளியே ஓடவில்லை என்று பொறுப்பாக நிரப்பி ஸ்ரீரங்கம் என்று போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் பக்கத்துக் கடையில் ஷட்டர் மாட்ட டிரில் போடுகிறார்கள் என்று தெரிந்தது. அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி தேடினேன், இல்லை. உன் துறைக்கு நான் செய்த முதல் கேடு அது.

ஆறாவது வாரத்தில்தான் வினை வந்தது. ஆற்று மணலில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது நிலம் ஆடினால், மணல் கொஞ்ச நேரம் கூழாகிவிடும், மேலே நிற்கும் கட்டடம் அப்படியே உள்ளே இறங்கும் என்று பேராசிரியர் சொன்னார். ஒரு தட்டில் ஈர மணலைக் கொட்டி, செங்கல்லை நிறுத்தி, பக்கத்தில் தட்டிக் காட்டுகிற வீடியோவும் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் வீடு கட்டியபோது மிஞ்சிய மணல் பின்பக்கம் கிடக்கிறதே, அதை அலுமினியத் தட்டில் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, வீட்டில் இருக்கும் தையல் மெஷின் மேல் வைத்தேன். கட்டடத்துக்கு அப்பாவின் வெங்காய மண்டியிலிருந்து வந்த பழைய எடைக்கல் ஒன்றை நடுவில் நிறுத்தினேன். மோட்டாரைப் போட்டு, பெடலை முழுதாக மிதித்தேன். சரவணா, அந்த எடைக்கல் கண்ணெதிரே முங்கிப் போனது. அப்பா காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா பண்றே?" "நிலநடுக்கம் வர வைக்கிறேங்க." "மெஷினுக்குள்ள மண்ணு போச்சுன்னா யாரு பாக்குறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் கல்லை வெளிய எடு, பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இமயமலை ஆபத்து என்று நிரூபிக்கக் கிளம்பியவள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மணல் திட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். அது போதாது என்று அடுத்த பாடத்தில் பேராசிரியர் ஒரு படம் போட்டார். கீழே கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள், மேலே முழு வீடு. இப்படிக் கட்டினால் ஆடும்போது கீழ்த்தளம்தான் முதலில் மடங்கும், மூலைத் தூணில் கைவைத்தால் இன்னும் மோசம் என்றார். அது நம் வீடு. கேட் மட்டும்தான் வேறு நிறம். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இப்போது அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். நாம் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குத் தூண் எழுப்புகிற சமயம். நீ சிவில் மூன்றாம் வருடம், லீவுக்கு வந்திருந்தாய். வாஸ்து பார்க்கிறவர் வந்து, வடகிழக்கு ஈசானிய மூலை, அங்கே பாரமே இருக்கக் கூடாது, அந்த மூலைத் தூணை எடுத்துவிட்டால் குடும்பத்துக்கு நல்லது, காரும் சுலபமாகத் திரும்பும் என்றார். நம்மிடம் கார் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனாலும் திரும்பப் போகிற காருக்காகத் தூணை எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, அந்தத் தூணை எடுக்க வேணாம்மா. மேல உள்ள பாரம் எங்க இறங்கும்? மொதல்ல மண்ணையாவது டெஸ்ட் பண்ணலாம், இது முழுக்க ஆத்து மணல்" என்றாய். மேஸ்திரி, சித்தாள் எல்லாரும் சேர்த்து எட்டுப் பேர் நின்றார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். உனக்கு அப்போது அரியர் இருந்தது, அதுவும் இந்தப் பொறியியல் நிலவியல் பேப்பரிலேயே. நான் சொன்னேன்: "நீ மொதல்ல அந்த அரியரை முடிடா. அப்புறமா என் வீட்டுத் தூணைப் பத்திப் பேசலாம்." எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ "சரிம்மா" என்று நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாய். அன்று கத்தரிக்காய் வத்தக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய்.

பையன் ரோஷக்காரன், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீயும் சரியாகத்தான் இருந்தாய், போன் பண்ணினாய், தீபாவளிக்கு வந்தாய். ஆனால் உன் படிப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அரியர் வைத்த அந்தப் பாடத்திலேயே மேல்படிப்புக்குச் சேர்ந்தாயே, அதைக்கூட அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ன படிக்கிறாய், என்ன வேலை என்று நான் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, மண்ணு டெஸ்ட் பண்றோம்" என்பாய். ஆறு வருடமாக எனக்கு நீ சொன்ன பதில்களில் பாதி "சரிம்மா". அடக்கமான பிள்ளை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அடக்கம் இல்லை, என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நீ விட்டுவிட்டாய் என்பது, தட்டில் எடைக்கல் முங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேர் முன்னால் பேசியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் செய்தது தப்பு, சரவணா. உன்னை அவமானப்படுத்தினேன். அதுவும் நீ சரியாகச் சொன்ன ஒரு விஷயத்துக்காக.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாடியில் உன் அறைக்கு வெளியே, இரண்டு வருடமாக ஒரு தேதி காலண்டர் தொங்குகிறதே, வீட்டில் கூடத்தில் ஏற்கனவே ஒன்று இருக்கும்போது இங்கே எதற்கு என்று போன பொங்கலுக்குக் கேட்டாய். அதன் பின்னால் விரிசல் இருக்கிறது. முதலில் நூல் மாதிரி இருந்தது. நானே வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசினேன், மறுபடியும் வந்தது, காலண்டரை மாட்டினேன். அது பெரிதாகப் பெரிதாக நானும் பெரிய காலண்டராகப் பார்த்து வாங்கினேன். விரிசல் குறுக்காகச் சாய்ந்து போனால் ஒரு பக்கம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம் என்பது ஒன்பதாவது வாரப் பாடம். அன்று காலண்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஈசானிய மூலையை நோக்கி அம்புக்குறி போட்ட மாதிரி சாய்ந்திருந்தது.

இதற்கு நடுவில் பரீட்சையும் வந்தது. சான்றிதழ் வேண்டுமானால் நேரில் போய் எழுத வேண்டும். டவுன் பஸ் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு காலேஜுக்குப் போனேன். ஹாலில் மேற்பார்வைக்கு இருந்த மேடம், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில வெயிட் பண்ணுங்கம்மா" என்றார். "நான்தாங்க எழுத வந்திருக்கேன்" என்றேன். ஹால் டிக்கெட் போட்டோவையும் என்னையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இது எழுதறீங்க?" என்று கேட்டார். "வீட்டுல ஒரு பிரச்சினைங்க" என்றேன். அவர் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். மணல் பற்றிய கேள்விகளை எல்லாம் நன்றாகவே செய்தேன். கடைசியில் பாறையின் தரத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஒரு பெரிய கணக்கு. நான் அந்தப் பாறைக்குப் போட்ட மதிப்பெண்ணைவிட அவர்கள் எனக்குப் போட்டது குறைவு. பெயில். ஆக, இந்தக் குடும்பத்தில் இந்தப் பாடத்தில் பாஸ் பண்ணியவன் நீ ஒருத்தன்தான். எனக்கு இப்போது அரியர் இருக்கிறது. அப்பா அதைக் காந்தி மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினேன். நிலநடுக்கம், ஆற்று மணல், கூழ் என்று நான் படித்ததை எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல பெரிய ஆட்டம் வர வாய்ப்பு கம்மிங்கம்மா. ஆனா இந்த மூலை ஆடாமலே இறங்கிட்டு இருக்கு. யாருங்க தூணை எடுக்கச் சொன்னது?" என்றார். "வாஸ்துக்காரர்" என்று சொல்ல வாயெடுத்தேன். "நான்தாங்க" என்றேன். முதலில் மண் பரிசோதனை என்றார். அதாவது நீ ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்னது. பரிசோதனைக்கு வந்த ஆட்கள் வாசலில் முக்காலி மாதிரி கம்பு நட்டு, மேலேயிருந்து எடையைப் போட்டுப் போட்டு, குழாய் மண்ணுக்குள் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினார்கள். எதிர்வீட்டு அம்மா போர் போடுகிறோம் என்று நினைத்து, "தண்ணி எத்தனை அடியிலங்க வந்துச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். நான் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணினேன். ஒரு இடத்தில் அவர்கள் பதினொன்று என்றார்கள், நான் பன்னிரண்டு என்றேன். பெரிய சண்டையாகி, மறுபடி தோண்ட முடியாது என்பதால் பன்னிரண்டு என்று எழுத வைக்கப் பார்த்தேன். அவர்கள் எழுதவில்லை. ரிப்போர்ட் வந்துவிட்டது. மணல், மணல், களிமண், அப்புறம் மறுபடியும் மணல், ரொம்ப ஆழத்தில் பாறை. புதுத் தூண் போடலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வேலை ஆரம்பம். வீட்டைத் தாங்க இப்போதே இரும்பு முட்டு கொடுத்தாகிவிட்டது, பயப்படாதே.

இப்போது உன் விஷயம். உன்னைத் தடுக்க நான் நோட்டில் நாற்பது கேள்வி எழுதி வைத்திருந்தேன். பதில் தெரிந்ததை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். மலை ஆபத்தில்லை என்று தெரிந்து அடிக்கவில்லை. ஆபத்து இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்து அடித்தேன். டனலுக்குள் வேலை நடக்கிற வீடியோக்களையும் பார்த்தேன். வெடி வைத்து உடைத்து, புகை அடங்கி, தொங்குகிற கல்லைத் தட்டிவிட்ட பிறகு, புதிதாக உடைந்த பாறை முகத்துக்கு முன்னால் உன்னை மாதிரி ஒருத்தன் சுத்தியலும் நோட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அடுத்த வேலையைத் தொடங்குகிறார்கள். அதைப் பார்த்த அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சரவணா. நீ போன பிறகும் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் போ. உன் வேலை என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பாறையைவிட இன்னொன்றுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். அங்கேயும் என்னை மாதிரி ஒரு ஆள் இருப்பான். சத்தமாகப் பேசுகிறவன், அவசரக்காரன், தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன். நாள் தள்ளிப்போகிறது, நேற்று வந்த பையன் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்துவதா என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த இடத்தில் நீ "சரி சார்" என்று நோட்டை மூடிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மூலை இறங்க ஆறு வருடம் எடுத்துக்கொண்ட வீடு இல்லை அது. உள்ளே ஆட்கள் இருப்பார்கள், நீயும் இருப்பாய். ஒரு தடவை சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்கு வா, வத்தக்குழம்பு வைத்துத் தருகிறேன். சத்தம் போடுகிறவர்கள் முன்னால் பேசாமல் போகும் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அதை நானேதான் உன்னிடமிருந்து பிடுங்க வேண்டும்.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் ஸ்ரீரங்கம் வந்துவிட்டுப் போ. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும். அதே மேஸ்திரியைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். ஆட்களும் எட்டுப் பேருக்குக் குறையாமல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. நான் ஈசானிய மூலையில் நின்றுகொண்டு, "தூணெல்லாம் எதுக்கு, காரு எப்படித் திரும்பும்?" என்று சண்டைக்கு வருவேன். எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு போடுவேன், விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ அத்தனை பேர் முன்னாலும் என்னை வாயடைக்க வேண்டும். அது உன்னால் முடிந்தால் மலைக்குப் போ.